நாக்கில்லாத மணி

ஐயாவுக்கு மீன்மேல் அப்படியொன்றும் பிரியம் கிடையாது. முள் எடுக்கப் பொறுமை இல்லாமல் பாதியிலேயே தட்டைத் தள்ளிவிடும் ஆள். ஆனாலும் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஆத்துமேட்டு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அத்தனை பேரிலும் ஆற்றங்கரையில் அதிக நேரம் உட்கார்ந்தவன் அவன்தான். மீனைப் பிடிப்பதைவிட, மீன் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வதில்தான் அவனுக்கு ருசி. கலங்கல் தண்ணீருக்கு அடியில், கண்ணுக்கு எட்டாத இடத்தில், ஏதோ ஒன்று வந்து இரையை வாயில் வைக்கிறது. மேலே இருப்பவன் அதை எப்படி அறிவது? இந்த ஒரு கேள்விக்கு அவன் கொடுத்த ஞாயிற்றுக்கிழமைகளை வேறு எதற்காவது கொடுத்திருந்தால் இந்நேரம் கங்காணி ஆகியிருப்பான் என்று கூலிக்காரர்களின் லயத்து வீடுகளில் கேலி பேசினார்கள்.

அவனும் மனைவி இருளாயியும் ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள். அவள் வேறு சாதி. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்வரை அவளுடைய அண்ணன்மார் அரிவாளும் கையுமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அகப்பட்டிருந்தால் இருவரையும் ஒரே குழியில் போட்டிருப்பார்கள். அல்லது அங்கேயும் சாதி பார்த்து இரண்டு குழி வெட்டியிருப்பார்கள். ஆகையால் மற்றவர்கள் ஊர்ப்பேச்சு எடுத்துப் பெருமூச்சு விடும்போது இவர்கள் இரண்டு பேரும் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்து, பல் முளைக்குமுன் காய்ச்சலில் போனது. அதைப் புதைத்துவிட்டு வந்த அன்று இருளாயி, "இந்த எடம் வேணாய்யா, எங்கியாச்சும் போயிரலாம்" என்றாள். பிறகு ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. ஐயாவுதான் அதை மறக்கவில்லை.

தூண்டில் விஷயத்துக்கு வருவோம். முதலில் எல்லோரையும்போல அவனும் நூலைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு கரையில் சாய்ந்திருந்தான். ஒரு பெரிய கெளுத்தி விரலையே கொண்டுபோகப் பார்த்தது. மறுநாள் நொண்டிக்கொண்டு வேலைக்குப் போனவன், இது மனுஷன் செய்கிற காரியமில்லை என்று விட்டுவிட்டான். அடுத்ததாகப் பால் டின் ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே ஆணியைத் தொங்கவிட்டு மணியாக்கினான். அது காற்றடித்தாலும் அடித்தது, கிளையில் குருவி உட்கார்ந்தாலும் அடித்தது.

"மீனு வந்தா மட்டுந்தான் அடிக்காது போலருக்குலா" என்றான் பக்கத்து வீட்டுச் சீனி.

ஐயாவு கோபித்துக்கொள்ளவில்லை. சீனி சொன்னது நியாயம் என்றே அவனுக்குப் பட்டது. பொய் சொல்லுகிற மணி எதற்கு? ஒரு முழ மூங்கில் பிளாச்சைக் கரையில் ஊன்றி, அதன் நுனியில் ஆட்டுமணி ஒன்றைக் கட்டினான். மணியின் நாக்கை ஒரு கித்தா நாடாவால் பக்கவாட்டில் இழுத்துக் கட்டினான். ரப்பரைக் கித்தா என்பதுதான் அங்கே வழக்கம். தூண்டில் நூலை அந்த நாக்கில் சேர்த்தான். காற்றுக்கு நாடா அசைந்துகொடுக்காது. பொடிமீன் கொத்தினால் கொஞ்சம் நீளும், பிறகு பழைய இடத்துக்கே வரும். கனத்த மீன் ஒன்று இரையைக் கவ்விக்கொண்டு திரும்பினால்தான் நாடா தோற்று, நாக்கு போய் மணியில் மோதும். பச்சைக் கித்தா வெயிலில் பிசுபிசுத்துப் போகிறது என்று கண்டதும், நாடாவைப் புகைக்கொட்டகையில் கித்தாத் தகடுகளுக்கு நடுவே தொங்கவிட்டுப் புகை ஏற்றி எடுத்தான். அதற்குப்பின் மழைக்கும் வெயிலுக்கும் அது ஒரே மாதிரி வேலை செய்தது.

அந்த மணி பொய் சொல்லவில்லை. தோட்டத்தில் தூண்டில் வைத்திருந்தவர்கள் எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதிலும் கங்காணி உடையப்பன் வாரம் தவறாமல் ஐயாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். ஐயாவுக்கும் அவன் கூட்டத்து ஆட்களுக்கும் வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். பெரிய உடம்பு, பெரிய குரல், கை மட்டும் சின்னப்பிள்ளையின் கை. எதைப் பார்த்தாலும் தொட்டுப் பார்க்கவேண்டும். தன் தூண்டில் சும்மா கிடந்தால் அடுத்தவன் தூண்டிலை இழுத்துப் பார்ப்பார்.

இப்படி ஒரு சௌகரியம் அமைந்து நிலைக்குமுன் ஐயாவுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் லூயிஸ் டிரசர் கொய்னா மருந்துத் தண்ணீரை அளந்து அளந்து ஊற்றினார். காய்ச்சல் போனது, திரும்பியது, மறுபடி கொய்னா, மறுபடி போனது. ஒருவழியாக எலும்பும் தோலுமாக எழுந்து ஆற்றங்கரைக்கு வந்து தூண்டிலைப் போட்டான். போட்டதும் மணி அடித்தது. ஓடிப்போய் இழுத்தால் வெறும் முள், இரை அப்படியே இருந்தது. மறுபடி போட்டான், மறுபடி அடித்தது.

நாடா தளர்ந்துவிட்டது என்று நினைத்தான். புதுநாடா போட்டான். அதுவும் போதாது என்று தடித்த நாடாவாகக் கட்டினான். மூங்கிலை மாற்றினான். மணியை மாற்றினான். அந்த மழைக்காலம் முழுக்க இதே வேலை. பக்கத்தில் இருந்த கங்காணியின் மணி ஒழுங்காக இருந்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. தன் கையால் செய்த அதே மணி, அவருக்கு மட்டும் உண்மை பேசுகிறது. கடைசியில் ஒருநாள் வெறுத்துப்போய் மணியின் நாக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஐயாவு வெகுநேரம் அந்த நாக்கில்லாத மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு காதையும் பொத்தினான். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. பக்கத்தில் கங்காணி வாயை ஆட்டிக்கொண்டிருந்தார், அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கொய்னா அவன் காதுக்குள் மணியை வைத்துவிட்டு வெளிச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போயிருந்தது. அவன் பயந்துபோனான். காது போனதற்காக அல்ல, கப்பலை நினைத்து.

தோட்டத்தில் ஒரு சொல் இருந்தது: லாயக்கில்லை. கண் மங்கியவன், மூச்சு இழுப்பவன், காது போனவன் எல்லோருக்கும் அதே சொல்தான். அது விழுந்துவிட்டால் அடுத்த கப்பலில் குடும்பத்தோடு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது பிழைப்புப் போன கவலை. ஐயாவுக்கும் இருளாயிக்கும் அது அரிவாள்.

வீட்டுக்கு வந்ததும் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தான். இருளாயிக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவள் அழவில்லை, வாசல் கதவைச் சாத்தினாள். காதருகே வாய்வைத்துக் கத்தினால் அவனுக்குக் கேட்டது. ஆனால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சீனியின் குடும்பம். கத்தினால் விடிவதற்குள் தோட்டமே அறிந்துவிடும். ஆகவே அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு நின்றது. சைகையும் தொடுதலுமாக வாழப் பழகினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயாவு மணி இல்லாமல் ஆற்றுக்கு வந்தான். மூங்கில் பிளாச்சும் நாடாவும் அப்படியே இருந்தன. நாடாவிலிருந்து ஒரு மெல்லிய நூல் மட்டும் அவன் சுட்டுவிரலுக்கு வந்தது. சின்ன மீனுக்கு நூல் சும்மா கிடக்கும். பெரிய மீன் திரும்பினால் விரலைச் சுண்டும். மணி இல்லாத பிளாச்சைக் கங்காணி தொட்டுப் பார்த்தபோது ஐயாவு முந்திக்கொண்டான்.

"மணிச் சத்தத்துக்கு மீனு பயந்து ஓடுது கங்காணி. இது சத்தமில்லாம சொல்லும்."

சுத்தப் பொய். ஆனால் மணியைச் செய்தவனே மணி கூடாது என்றால் யார் மறுத்துப் பேசுவது? கங்காணி உடனே தன் மணியையும் கழற்றினார். கொஞ்சநாளில் கரை முழுக்க ஆட்கள் விரலில் நூலைச் சுற்றிக்கொண்டு வாய்பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் நல்ல காது. ஐயாவுக்குச் சிரிப்பு வந்தாலும் சிரிக்க முடியவில்லை.

ஆற்றங்கரையை ஏமாற்றியாகிவிட்டது. பெரட்டை எப்படி ஏமாற்றுவது? விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி பேரைப் படிப்பார். படிக்கப்பட்டவன் "இருக்கேங்க" என்று ஓர் அடி முன்னால் வரவேண்டும். வராவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் டிரசர் பார்க்க வருவார். வழி கண்டுபிடித்தது இருளாயி. தூண்டில் நூலில் ஒரு துண்டை அவன் சுட்டுவிரலில் கட்டிவிட்டு, மறுமுனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். ஒரு சுண்டு சுண்டினாள். அவன் ஓர் அடி முன்னால் போனான். வீட்டுக்குள்ளேயே பலமுறை செய்து பார்த்தார்கள்.

பெரட்டில் ஆண்கள் முன்வரிசை, அவரவர் வீட்டுப் பெண்கள் பின்வரிசை. ஐயாவு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். இருட்டில் நூல் யாருக்கும் தெரியாது. கங்காணி லாந்தரைப் பிடித்துக்கொண்டு இரண்டு வரிசைக்கும் நடுவே தலை எண்ண வரும்போது மட்டும் இருளாயி தன் முனையைக் கீழே விட்டுவிடுவாள். அவர் கடந்ததும் கால் விரலால் நூலைக் கவ்வி எடுத்துக்கொள்வாள். ஒருநாளும் பிசகவில்லை. மணியைவிட, நாடாவைவிட, தான் செய்ததில் எல்லாம் நம்பகமானது இதுதான் என்று ஐயாவுக்குப் பெருமை. செய்தது இருளாயி என்பது அவனுக்கு அவ்வப்போது மறந்துபோகும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் வருஷம் கித்தாப் பால் விலை விழுந்தது. வாங்க ஆளில்லை; வெட்டுவதை நிறுத்துங்கள் என்று தோட்டங்களுக்கு உத்தரவு வந்துகொண்டிருந்தது. ஒரு காலைப் பெரட்டுக்கு வழக்கமில்லாமல் துரையே வந்து நின்றார். கிராணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பேர் படிக்குமுன் ஒரு விஷயம் சொன்னார்: தோட்டத்தில் பாதிப்பேருக்குத்தான் இனி வேலை, ஊருக்குப் போக விருப்பப்படுகிறவர்களுக்குக் கப்பல் சும்மா, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, இஷ்டப்பட்டவர்கள் ஓர் அடி முன்னால் வரலாம்.

இருளாயி இதைக் கேட்டு விறைத்துப்போய் நின்றாள். ஐயாவுக்குக் கிராணியின் வாய் அசைவது மட்டும் இருட்டில் மங்கலாகத் தெரிந்தது. பேர் படிக்கிறார் என்று நினைத்தான். கங்காணி லாந்தரோடு வரிசைக்கு நடுவே வந்துகொண்டிருந்தார். அப்போது சுட்டுவிரலில் நூல் சுண்டியது.

"இருக்கேங்க!" என்று ஐயாவு ஓர் அடி முன்னால் போனான்.

போன பிறகுதான் பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தான். இருமல்காரக் கிழவர் ஒருவர், புருஷனை இழந்த மங்களம், கடன் தொல்லைக்காரர்கள் சிலர். ஊர் ஊர் என்று நாளெல்லாம் புலம்பியவர்கள். மங்களம் மேற்கே கையைக் காட்டி அவனைப் பார்த்துத் தலையாட்டியதும் விஷயம் விளங்கிவிட்டது. ஓர் அடி பின்னால் வந்திருந்தால் போதும். அவன் திரும்பி இருளாயியைப் பார்த்தான். அவள் கண் நிறைந்திருந்தது.

நூல் பொய் சொல்லாது. அவள்தான் சுண்டியிருக்கிறாள். பிள்ளையைப் புதைத்த அன்று சொன்ன சொல்லை இத்தனை நாளாக மனதுக்குள் வைத்திருந்து, இன்று கப்பல் என்றதும் சுண்டிவிட்டாள். அண்ணன் அரிவாளானாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு அவளுக்கு இந்த மண் கசந்துபோயிருக்கிறது. ஐயாவு இப்படித்தான் நினைத்தான். ஊரை நினைத்தால் பயமாக இருந்தது. ஆனாலும் அன்றைக்குப்பின் அவளாக ஒன்று கேட்டது இதுதான் முதல்தடவை. நின்ற இடத்திலேயே நின்றான். கிராணி எழுதிக்கொண்டார்.

கப்பல் நாள் வரும்வரை இருவரும் ஒரே வீட்டில் வாயில்லாமல் இருந்தார்கள். ஒருநாள் இருளாயி கையை விரித்து "ஏன்?" என்று கேட்டாள். அவன் அவளைக் காட்டித் தன் நெஞ்சையும் காட்டினான். உனக்காகத்தான் என்று தான் சொல்லிவிட்டதாக அவன் நினைத்தான். நீயும் நானும் போகலாம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். இவனுக்கு ஊர் ஆசை வந்துவிட்டது, தன்னைப் பலிகொடுத்தாவது போகப் பார்க்கிறான் என்று அவளுக்குக் கசந்தது. ஆனாலும் காது கேளாதவனைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. பாத்திரங்களைத் தேய்த்துச் சாக்கில் கட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் சீனி வீட்டில், ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் இவர்களுக்குப் பேச்சே வரவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

சுங்கை சிப்புட் ரயில் நிலையத்துக்கு வழியனுப்பக் கங்காணி உடையப்பன் வந்திருந்தார். அவருக்கு உண்மையாகவே வருத்தம். ஐயாவு போனால் நாடாவுக்கும் நூலுக்கும் யாரைப் பிடிப்பது? ரயில் பெட்டியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பெரிய குரலில் பேசினார்.

"டேய் ஐயாவு, எனக்குன்னு ஒண்ணு குடுத்துட்டுப் போயேன்லா. அன்னைக்குப் பெரட்டுல ஒரு நூலு உன் கையில தொங்குனிச்சே, அது போதும். லாந்தர் வெளிச்சத்துல மினுக்குன்னு தெரிஞ்சிச்சு. ஒரு சுண்டு சுண்டிப் பாத்தேன், என்னா கெட்டிங்கிற! கேக்கலாம்னு வாயெடுத்தேன், அதுக்குள்ள நீ ஊருக்குப் போறேன்னு முன்னாடி போயிட்ட."

ஐயாவு எல்லோருக்கும் செய்வதுபோல அவருக்கும் சிரித்துத் தலையாட்டினான். இருளாயிக்கு மட்டும் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தான். ஏன் என்று தெரியவில்லை. ரயில் ஊதியது, நகர்ந்தது.

தைப்பிங் மலைகளைத் தாண்டும்வரை அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் தண்டவாளச் சத்தம் காதைப் பிளந்தது. எதிர் இருக்கையில் இருந்தவர்கள் ஒருவரோடொருவர் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பெட்டிக்காரர்களும் அப்படியே. இருளாயி சுற்றிலும் பார்த்தாள். இங்கே கத்தினால் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை என்று அவளுக்கு உறைத்தது. புருஷனின் காதைக் கையால் பிடித்து இழுத்து வாயை வைத்தாள்.

"நீ எதுக்குய்யா முன்னாடி போன?"

பல மாதத்துக்குப் பிறகு அவள் குரல். ஐயாவு திகைத்துப்போய், "நீதான சுண்டுன!" என்றான்.

"நான் சுண்டல! என் முனைய நான் கீழ விட்டுட்டேன். கங்காணி சுண்டிருக்கான்!"

"யாரு?"

"கங்காணி! நூலு கெட்டியான்னு பாத்தானாம்!"

அவன் புரியாதவன்போல் பார்த்தான். அவள் இன்னொரு தடவை, சொல் சொல்லாக நிறுத்திக் கத்தினாள். பிறகு அவன் கேட்டான்:

"அப்ப ஒனக்கு ஊருக்குப் போவணும்னு இல்லியா?"

"எதுக்கு? எங்கண்ணன் கையால சாவவா? நீதான் போவணும்னு நிக்கிற, சரி ஒங்கூடவே போயிச் சேருவோம்னு வந்தேன்!"

ஐயாவு தலையைக் குனிந்துகொண்டான். கங்காணிமேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. நூலைக் கண்டால் அவர் இழுப்பார், அது அவர் குணம். தன்மேல்தான் வெட்கம் வெட்கமாக வந்தது. ஒரு முழ நூலை நம்பினான். பக்கத்தில் படுத்திருந்தவளைக் கேட்கவில்லை. சீனிக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று ஒரே ஒரு ராத்திரி வாய்விட்டுக் கத்தியிருந்தால் முடிந்திருக்கும். அதற்குப் பயந்து சாவை நோக்கி ரயில் ஏறியிருக்கிறார்கள், அதுவும் ஆளுக்கு ஆள் அடுத்தவருக்காக என்று நினைத்துக்கொண்டு.

ரயில் வேகம் குறைந்து ஒரு சின்ன நிலையத்தில் நின்றது. பாகான் செராய். ஜன்னலுக்கு வெளியே கண் எட்டும்வரை நெல்வயல், தண்ணீர், வாய்க்கால். அங்கே அவர்களுக்கு யாரையும் தெரியாது. தோட்டத்து ஆட்களைக் கணக்குப் பார்த்து எடுத்துக்கொள்ள, கப்பல்துறைக்கு இறங்கும் பிறை நிலையத்தில் ஒருவன் காத்திருப்பான், அதுவரை கேட்பாரில்லை. தண்டவாளச் சத்தம் நின்றுவிட்டதால் பெட்டிக்குள் பேச்சும் தணிந்திருந்தது. ஒருவர் இருமினால்கூடக் கேட்கும் அமைதி.

இருளாயி வழக்கம்போலக் கையை நீட்டி அவன் சுட்டுவிரலைத் தேடினாள். அவன் கையை இழுத்துக்கொண்டான். சாக்கு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டு, எழுந்து நின்று, அத்தனை பேர் நடுவிலும் உரக்கச் சொன்னான்.

"எனக்குக் காது கேக்காது இருளாயி. வாயத் தொறந்து சத்தமாச் சொல்லு. எறங்கிருவமா?"

மங்களம் திரும்பிப் பார்த்தாள். இருமல்காரக் கிழவர் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். இருளாயியும் எழுந்து அவன் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"எறங்கலாய்யா!" என்று கத்தினாள். பெட்டி முழுக்கக் கேட்டது. அவனுக்கும் கேட்டது.